மணல்மேட்டுக் கீரையும் இதய வால்வும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து எங்கள் இதயநோய்ப் பிரிவுக்கு வருவோரின் எண்ணிக்கை குறைந்துவிடும். அங்கிருந்து பேருந்தில் பொன்னேரிக்கு வந்து, மின்ரயிலில் சென்னை சேர்ந்து, ரத்தப் பரிசோதனையை முடித்துக்கொண்டு வீடு திரும்ப ஒரு முழு நாள் ஆகும். மழையும் காற்றுமாக இருக்கும்போது அந்தப் பயணத்தைப் பலர் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிடுகின்றனர். அப்படித் தள்ளிவைத்த ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில் 108 ஊர்தியில் அழைத்து வந்தார்கள். குடும்பத்தாரின் இசைவுடனும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் அவருடைய கதையை இங்கே எழுதுகிறோம்.

அவர் முப்பது வயதைத் தொடாத மீனவர். சிறுவயதில் வந்த தொண்டைப் புண்ணும், அதைத் தொடர்ந்த ருமாட்டிக் காய்ச்சலும் அவருடைய இதயத்தின் ஈரிதழ் வால்வைச் சிதைத்திருந்தன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அறுவை சிகிச்சை நடந்து, அந்த இடத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டிருந்தது. அதன்பின் மூன்றாண்டுகளாக ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் உட்கொண்டு, மீண்டும் வலை விடப் போய்க்கொண்டிருந்தார்.

அன்று அவரால் படுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறினார். செயற்கை வால்வு மூடும்போது கைக்கடிகாரத்தைப் போல ‘டிக்’ என்ற ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். அவர் நெஞ்சில் அந்த ஒலி மழுங்கியிருந்தது. எக்கோ பரிசோதனையில் வால்வைச் சுற்றி ரத்தக்கட்டி படிந்து, அதன் ஒரு மடல் அசையாமல் நிற்பதைக் கண்டோம். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு அவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அன்று அது 1.3 மட்டுமே.

கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினோம். மறுநாள் மாலையில் அந்த ‘டிக்’ ஒலி மெல்லத் திரும்பியது. அவர் பிழைத்தார். அவருடைய மனைவி சொன்ன ஒரு சொல் எங்கள் நினைவில் தங்கிவிட்டது. “ரெண்டு நாளா அந்தச் சத்தம் கேக்கலைங்க. உடம்பு தேறிடுச்சு, அதான் சத்தம் நின்னுடுச்சுன்னு நினைச்சேன்.” இப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதை அதுவரை நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

கீரை என்றால் எது?

மூன்றாண்டுகள் ஒழுங்காக இருந்த ஐ.என்.ஆர். ஏன் சரிந்தது? மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் தவறவில்லை. காய்ச்சல் வந்ததா, வேறு மருந்து ஏதேனும் சாப்பிட்டாரா என்று விசாரித்தோம், இல்லை. ‘கீரை சாப்பிட்டீர்களா?’ என்று அவரையும் மனைவியையும் தனித்தனியே கேட்டோம். இருவரும் ‘இல்லை’ என்றார்கள். நோயாளர் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் அவருடைய தாயார் வந்தார். மகனுக்கு என்ன சமைத்துத் தரலாம் என்று பேசிக்கொண்டிருக்கையில், “அந்த இலையை வதக்கிக் கொடுக்கலாமா ஐயா? மழை முச்சூடும் அதைத்தான் ஆசையாத் தின்னான்” என்றார். எந்த இலை என்று கேட்டோம். மணல்மேட்டில் தானாகப் படர்வது, மஞ்சள் பூப் பூப்பது, கொஞ்சம் கசக்கும், சென்னாக்கூனி போட்டு வதக்கினால் நன்றாக இருக்கும் என்று விளக்கினார்.

“கீரை சாப்பிடவில்லை என்று சொன்னார்களே அம்மா?”

“கீரை சாப்பிடலையே. கீரைன்னா சந்தையில கட்டுக் கட்டா விக்கிறது. அதைத்தானே நீங்க வேணாம்னீங்க? இது காசு குடுத்து வாங்குறது இல்லையே, மணல்ல கிடக்குறது.”

அவர்கள் மூவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் கேள்விதான் தவறு. கீரை என்ற சொல் எங்களுக்கு ஒரு பொருளும் அவர்களுக்கு வேறு பொருளும் தந்திருக்கிறது. அந்த ஆண்டு மழை பலமாக இருந்தது. கடலும் ஏரியும் கொந்தளித்ததால் இருபது நாட்களுக்கு மேல் படகு இறங்கவில்லை. வருமானம் நின்றது, காய்கறி வாங்குவதும் நின்றது. அதே மழையில் மணல்மேட்டுச் செடிகள் துளிர்த்தன. அரை மணி நேரம் குனிந்து பறித்தால் ஒரு வேளைக்கு ஆகும். வீட்டில் எல்லோரும் நாள்தோறும் அதையே உண்டார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல உணவு. ஒருவருக்கு மட்டும் அது மாத்திரையோடு மோதியது.

அந்த இலை மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மாதந்தோறும் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனையை மழையால் அவர் தள்ளிப்போட்டதும் காரணம். குறித்த நாளில் பரிசோதனை நடந்திருந்தால், சரிவு கட்டியாக மாறுமுன் கண்டுபிடித்து மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்போம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் ஆபத்தாயிற்று.

மணல்மேட்டில் நாங்கள் கண்டது

தை மாதத்தில் ஒரு மருத்துவ முகாமுக்காகப் பழவேற்காடு சென்றபோது அந்தத் தாயார் எங்களை மணல்மேட்டுக்கு அழைத்துச் சென்றார். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் அதில் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டில் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. அவற்றுக்கிடையில்தான் அந்தச் செடி இருந்தது.

தரையோடு தரையாக ஓடும் மெல்லிய தண்டு. சாண் இடைவெளியில் ஒவ்வொரு கணுவும் மணலில் வேரூன்றி, அங்கே சிறு இலைகள் வட்டமாக விரிந்திருந்தன. இலையின் ஓரம் ஒழுங்கற்று வெட்டுப்பட்டதுபோல் இருந்தது. கிள்ளியதும் வெண்மையான பால் கசிந்தது. குட்டையான காம்பில் ஒற்றை மஞ்சள் பூ. பூவின் இதழ்கள் போலத் தோன்றும் ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு தனிப் பூ. அதன் நுனியில் ஐந்து சிறு பற்கள் இருக்கும். முற்றிய பூவிலிருந்து வெண்பஞ்சுக் குஞ்சம் சூடிய விதைகள் காற்றில் பறந்துகொண்டிருந்தன.

தாவரவியலார் இதனை லானியா சார்மென்டோசா என்று அழைக்கின்றனர். நம் மருத்துவ நூல்களும் அகராதிகளும் எழுத்தாணிப்பூண்டு என்ற பெயரில் குறிப்பது இச்செடியைத்தான். இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புல்வெளிகளில் தானே முளைக்கும் டேன்டேலியன் என்ற மஞ்சள் பூச்செடிக்கு இது நெருங்கிய உறவு. டேன்டேலியனின் இலையை அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகப் பச்சையாகவும் வேகவைத்தும் உண்டு வருகின்றனர். அது போலவே மாலத்தீவு மக்கள் நம் கடற்கரைச் செடியின் இலையைக் குள்ளஃபிலா என்று அழைத்து, பொடியாக நறுக்கித் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், மீன் ஆகியவற்றோடு கலந்து உண்கின்றனர்.

ஆகவே இது பசிக்கு வேறு வழியின்றித் தின்னும் புல் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. நார்ச்சத்தும் தாது உப்புகளும் வைட்டமின்களும் நிறைந்த நல்ல கீரைகளின் வரிசையில் இடம்பெறத் தக்கது. அந்தத் தாயார் தம் குடும்பத்துக்குச் செய்தது நற்செயலே. மகனுடைய மாத்திரையோடு அதனை எப்படிப் பொருத்துவது என்று சொல்லித்தர வேண்டிய நாங்கள்தான் சொல்லித்தரவில்லை.

இலையும் மாத்திரையும் மோதுவது எப்படி?

வார்ஃபரின், அசினோகூமரால் ஆகிய மாத்திரைகளின் வரலாறே பசுந்தாவரங்களோடு பின்னிக் கிடக்கிறது. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன மெலிலோட்டஸ் தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயம் பட்டாலும் ரத்தம் நில்லாமல் இறந்தன. 1933-இல் விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர், இறந்த கிடாரியையும் ஒரு பால் கேனில் உறையாத ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு, பனிப்புயலினூடே பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு பல ஆண்டுகள் உழைத்து அந்தத் தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகவும் 1954-இல் மனிதருக்கான மருந்தாகவும் பயன்பாட்டுக்கு வந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்து வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தக் கசிவு ஏற்படுவதைக் கண்டார். உணவில் ஏதோ ஒரு சத்து குறைவதே காரணம் என்று உணர்ந்து, அதற்கு வைட்டமின் கே என்று பெயரிட்டார். ரத்தம் உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து அவருடைய மொழியில் ‘கே’. அவருக்கும் அமெரிக்கரான எட்வர்டு டாய்சிக்கும் 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த இரண்டும் நம் கல்லீரலில் சந்திக்கின்றன. ரத்தம் உறைவதற்கான நான்கு முக்கியப் புரதங்களைக் கல்லீரல் முழுமையாக்குவதற்கு வைட்டமின் கே வேண்டும். ஒரு முறை பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துகிறது. அந்தப் புதுப்பித்தலை வார்ஃபரின் தடுக்கிறது. அதனால் உறையும் வேகம் குறைகிறது. வால்வின் மீது கட்டி படியாமல் இருக்கிறது. வெளியிலிருந்து புதிய வைட்டமின் கே நிறைய வந்து சேர்ந்தால், மாத்திரை போட்ட தடையை உடல் தாண்டிவிடுகிறது. ஐ.என்.ஆர். சரிகிறது.

கரும்பச்சை இலைகளில்தான் இந்த வைட்டமின் மிகுதி. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 90 முதல் 120 மைக்ரோகிராம் போதும். நாம் மேலே கண்ட டேன்டேலியனின் பச்சை இலை 100 கிராமில் ஏறத்தாழ 780 மைக்ரோகிராம் உள்ளது. முருங்கைக் கீரையும் அரைக்கீரையும் மணல்மேட்டு இலையும் இந்த வகையில் ஒரே அணிதான். விலை கொடுத்து வாங்கியதா, தானாக முளைத்ததா என்ற வேறுபாடு ரத்தத்துக்குத் தெரியாது. வேகவைப்பதாலும் வைட்டமின் கே அழிவதில்லை. தண்ணீரோடு கரைந்து போவதும் இல்லை.

‘கீரையே வேண்டாம்’ என்பதும் தவறு

இங்கே எங்கள் இன்னொரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் ‘கீரையைத் தொடாதீர்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது மருத்துவர்களுக்கு எளிது. ஆனால் கீரையே உண்ணாதவரின் உடலில் வைட்டமின் கே இருப்பு மிகக் குறைவாக இருக்கும். அப்படிப்பட்டவர் ஒரு திருமண விருந்தில் ஒரு கரண்டி கீரை உண்டாலும், இரண்டு நாள் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும் ஐ.என்.ஆர். பெரிதாக ஆடும். அளவாகவும் ஒழுங்காகவும் கீரை உண்பவருக்கு அந்த ஆட்டம் குறைவு.

எனவே இப்போது நாங்கள் சொல்வது இது. கீரை உண்ணுங்கள்; ஆனால் ஒரே அளவில் உண்ணுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால், எல்லா வாரமும் அதே இரண்டு நாள், அதே ஒரு கரண்டி. அந்த உணவுக்கு ஏற்றபடி மாத்திரையின் அளவை நாங்கள் அமைத்துத் தருகிறோம். மழைக்காலத்தில் கீரை கூடும், கோடையில் குறையும் என்றால், கூடும்போதும் குறையும்போதும் எங்களிடம் தெரிவித்து, ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளுங்கள். கீரையை நீங்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து உண்டு. அப்போது ரத்தம் தேவைக்கு மேல் இளகி, ஈறிலும் மூக்கிலும் குடலிலும் கசியலாம்.

ஐ.என்.ஆர். பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் சிலவும் உள்ளன. டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகியவற்றுக்கும் கீரைக்கும் இந்த மோதல் இல்லை. ஆனால் செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு அவை ஏற்றவை அல்ல. ‘பக்கத்து வீட்டுக்காரர் அதைத்தான் சாப்பிடுகிறார்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டாம்.

வேறு நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

வார்ஃபரின் உட்கொள்ளாதவர்களுக்கும் சில சொற்கள் உண்டு.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரையிலுள்ள பொட்டாசியமே கவலை. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடவும் கூடும். இதயச் செயலிழப்புக்காக ஸ்பைரோனோலாக்டோன் உட்கொள்வோரும், ரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மருந்துகளை உட்கொள்வோரும் இதே எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். கீரையை நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். கீரை வெந்த நீரைச் சாறாக்கிக் குடிப்பது இவர்களுக்குக் கூடவே கூடாது.

உவர்நிலத்தில் வளரும் உமரி, வங்காரவள்ளைக் கீரை போன்றவை மண்ணின் உப்பைத் தம் தடித்த இலைகளில் சேர்த்துவைத்திருக்கும். ரத்த அழுத்தமும் கால் வீக்கமும் உள்ளவர்கள் அவற்றைச் சமைக்கும்போது தனியாக உப்புச் சேர்க்காதீர்கள். கீரையோடு கருவாடு சேர்த்தால், கீரை எவ்வளவு நல்லதாயினும் உப்பின் கணக்கு கருவாட்டில் ஏறிவிடும். பருப்புக்கீரையில் ஆக்சலேட் மிகுதி. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதை அடிக்கடி உண்ண வேண்டாம்.

கசப்பான இலை சர்க்கரையைக் கரைத்துவிடும் என்று நம்பி நீரிழிவு மருந்தை நிறுத்தியவர்களையும் கண்டிருக்கிறோம். கீரை உணவாக இருக்கட்டும். மருந்து மருந்தாக இருக்கட்டும். உணவாக ஒரு கரண்டி உண்பதும், உலர்த்திப் பொடித்துச் சூரணமாக நாள்தோறும் உட்கொள்வதும் ஒன்றல்ல. சித்த மருத்துவரிடம் மருந்து வாங்கினால் எங்களிடம் சொல்லுங்கள். எங்கள் மருந்துச் சீட்டை அவரிடமும் காட்டுங்கள். நாங்கள் கோபப்பட மாட்டோம்.

மஞ்சள் பூவெல்லாம் ஒன்றல்ல

மஞ்சளாகப் பூக்கும் செடிகள் பல. தலைமுறை தலைமுறையாகப் பறித்துப் பழகிய கைகளுக்கு மயக்கம் இல்லை. நகரத்திலிருந்து வந்து, படத்தைப் பார்த்துப் பறிப்போருக்குத்தான் இந்த எச்சரிக்கை.

பிரம்மதண்டு என்ற முட்செடியும் மஞ்சளாகவே பூக்கும். வயல்வரப்பிலும் சாலையோரத்திலும் தாராளமாக வளரும். அதன் இளஞ்செடியும் தரையோடு படிந்து, ஓரம் வெட்டுப்பட்ட இலைகளை விரிக்கும். ஆனால் அதன் இலை வெளுத்த நீலப்பச்சை, நரம்புகள் வெண்மை, ஓரமெல்லாம் முள். ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். அது நஞ்சு. 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்ததால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கால் வீக்கம், மூச்சுத்திணறல், இதயச் செயலிழப்பு என்றே அந்த நஞ்சு வெளிப்பட்டது. மஞ்சள் பால் கண்டால் எறிந்துவிடுங்கள். வெண்பால் வந்துவிட்டதாலேயே நல்ல கீரை என்றும் எண்ணிவிட வேண்டாம். எருக்கும் கள்ளியும் வெண்பால் வடிப்பவைதாம்.

ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயரில் இரண்டு செடிகளும் இருக்கும். ஆகையால் பெயரை மட்டும் நம்பிப் பறிக்காதீர்கள். அறிந்தவர் ஒருவர் அருகிருந்து காட்டித் தராத செடியைச் சமைக்காதீர்கள். சாக்கடை ஓரத்திலும், ஆலைக் கழிவோ சாம்பலோ படியும் இடத்திலும், பூச்சிமருந்து தெளித்த வயலோரத்திலும் பறிக்காதீர்கள். மணலில் வளர்வதை மூன்று நான்கு முறை நீர் மாற்றி அலசுங்கள். செடி அடுத்த மழைக்கும் வேண்டும் என்பதால் வேரோடு பிடுங்காமல் இலையை மட்டும் கிள்ளுங்கள். அந்த வேர்கள் மணலையும் பிடித்து நிற்கின்றன.

வீட்டில் உள்ளவர்களுக்கு

வால்வு மாற்றியவரின் வீட்டார் இந்தப் பகுதியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

1. ‘டிக்’ ஒலி மழுங்கினாலோ கேட்காமல் போனாலோ, அது நல்ல அறிகுறி அல்ல. அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

2. புதிதாக மூச்சிரைப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

3. ஈறில் ரத்தம், நில்லாத மூக்கு ரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர் ஆகியவை ரத்தம் அளவுக்கு மீறி இளகியதைக் காட்டலாம். இவற்றைக் கண்டாலும் தாமதிக்காமல் வாருங்கள்.

4. மழைக்காலத்துக்கு முன்பே, உங்களுக்கு அருகில் எங்கே ஐ.என்.ஆர். பரிசோதனை செய்ய முடியும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவைத் தொலைபேசியில் சொன்னால் மாத்திரையின் அளவை நாங்கள் சொல்கிறோம்.

5. வலி மாத்திரை, கிருமிக்கொல்லி மருந்து, நாட்டு மருந்து ஆகிய எதைத் தொடங்கும் முன்பும் எங்களைக் கேளுங்கள்.

6. நீங்கள் பறித்து உண்ணும் எதையும் எங்களிடம் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால், இலை, பூ, தண்டோடு ஒரு கொத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

எங்கள் பிரிவில் அந்த நிகழ்வுக்குப் பிறகு ஒரு கேள்வியை மாற்றினோம். ‘கீரை சாப்பிடுகிறீர்களா?’ என்று இப்போது கேட்பதில்லை. ‘கடையில் வாங்கியது, கொல்லையில் முளைத்தது, கரையில் பறித்தது என்று பச்சையாக என்னென்ன உங்கள் வீட்டுச் சட்டிக்குப் போகிறது?’ என்று கேட்கிறோம். கேள்வி நீண்டுவிட்டது. பதில்களும் நீண்டுவிட்டன. முன்பு குறிப்பேட்டில் ‘இல்லை’ என்று எழுதிய பலருக்கு இப்போது மூன்று நான்கு பெயர்களை எழுதுகிறோம். அவற்றில் சிலவற்றை நாங்கள் முதன்முறையாகக் கேள்விப்படுகிறோம்.

அந்த மீனவர் நலமாக இருக்கிறார். ஏரியில் தம் குடும்பத்துக்குரிய பாட்டு முறை வரும் நாட்களில் வலை விடப் போகிறார். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவர் தட்டில் ஒரு கரண்டி மணல்மேட்டு இலை விழுகிறது. அதற்கு மேல் ஒரு பிடி கேட்டாலும் தாயார் தருவதில்லை. இரவில் விளக்கை அணைத்தபின் அவருடைய மனைவி சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டே உறங்குகிறார். மழை பலக்கும் முன் ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வோர் ஐப்பசியிலும் முதலில் தொலைபேசியில் அழைப்பவரும் அவர்தான்.